பாடம் 2: ஹலோவில் தொடங்கி பையில் முடிப்பது

ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று, ‘குட் மார்னிங் சா…ர்’ என்று ராகம் போட்டுச் சொல்வது நம் பள்ளிக்கூடங்களின் வழக்கம். ஆங்கிலம் பேசவே தெரியாது என்று சொல்பவர்களுக்கும் அந்த ஒரு வாக்கியம் தெரியும். ஆனால் எதிரே ஒருவர் ‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ‘ஹேவ் எ நைஸ் டே’ என்று ஒருவர் வாழ்த்தினால் என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறோம்.

காரணம் எளிது. நாம் முதல் ஆள் பேசுவதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறோம், இரண்டாவது ஆள் சொல்ல வேண்டியதைப் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் சந்திப்புச் சொற்களும் விடைபெறும் சொற்களும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும். ஒருவர் இதைச் சொன்னால் மற்றவர் அதைச் சொல்ல வேண்டும் என்பது ஏறக்குறைய முடிவான விஷயம். அதனால் இந்தப் பாடத்தில் எந்தச் சொற்றொடரையும் தனியாகப் படிக்கப் போவதில்லை. கேள்வியைப் பதிலோடும் வாழ்த்தைப் பதில் வாழ்த்தோடும் சேர்த்தே படிப்போம்.

முதலில் உச்சரிப்பு

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும். தமிழில் ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து இரண்டு ஒலிகள் உண்டு. ‘பாம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தில் வரும் ப் வேறு, கடைசி எழுத்தில் வரும் ப் வேறு. இரண்டாவது மெல்லியது. இதே வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் பழகுங்கள்.

1. ‘பை’: விடைபெறும்போது சொல்லும் இந்தச் சொல்லில் ‘பாம்பு’வின் இரண்டாவது ப் ஒலி வரும். கடைக்குக் கொண்டுபோகும் பையைப் போலச் சொல்லக் கூடாது.

2. ‘குட்’: தொடக்கத்தில் ‘தங்கம்’ என்பதில் உள்ள க ஒலி. முடிவில் ‘வண்டி’யில் உள்ள மெல்லிய ட ஒலி. ‘டே’ என்ற சொல்லுக்கும் இதே மெல்லிய ட.

3. ‘மீட்’, ‘லேட்டர்’, ‘டேக் கேர்’, ‘டுமாரோ’, ‘யூ டூ’: இவற்றில் ‘பட்டு’ என்பதில் உள்ள வல்லின ட.

4. ‘ஃபைன்’: மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தொடாமல் சொன்னால் ‘பைன்’ ஆகிவிடும். பைன் என்றால் அது ஒரு மரம்.

5. ‘தேங்க் யூ’: நாக்கின் நுனியைப் பற்களுக்கு நடுவே லேசாக நீட்டிக் காற்றை வெளியே விட வேண்டும்.

எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். ‘ஹலோ’வில் ‘லோ’ அழுந்தும். ‘மார்னிங்’கில் ‘மார்’, ‘ஆஃப்டர்நூன்’ என்பதில் ‘நூன்’, ‘குட்பை’யில் ‘பை’. ‘ஈவ்னிங்’ இரண்டே அசைதான், ‘ஈவனிங்’ என்று மூன்றாக நீட்ட வேண்டாம்.

நேரம் பார்த்துச் சொல்வது

காலையில் எழுந்ததிலிருந்து நண்பகல் 12 மணி வரை ‘குட் மார்னிங்’. 12 மணியிலிருந்து சுமார் மாலை 5 மணி வரை ‘குட் ஆஃப்டர்நூன்’. அதன் பிறகு எவ்வளவு நேரமானாலும், ஒருவரைச் சந்திக்கும்போது ‘குட் ஈவ்னிங்’. மூன்றுக்கும் பதில் அதே சொல்தான். ‘குட் மார்னிங்’ என்றால் ‘குட் மார்னிங்’. ‘ஸேம் டு யூ’ என்று இங்கே பதில் சொல்லக் கூடாது. அது ‘ஹேப்பி நியூ இயர்’ போன்ற வாழ்த்துகளுக்கு உரிய பதில்.

‘குட் நைட்’ இந்த வரிசையில் சேராது, அது விடைபெறும் சொல். ஒரு திருமண வரவேற்புக்கு இரவு எட்டரை மணிக்குப் போகிறீர்கள். மண்டபத்துக்குள் நுழையும்போது ‘குட் ஈவ்னிங்’. பந்தி முடிந்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது ‘குட் நைட்’. உள்ளே நுழையும்போதே ‘குட் நைட்’ சொன்னால், வந்த உடனே கிளம்புகிறீர்களோ என்று கேட்பவர் நினைப்பார்.

ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு முறை ‘குட் மார்னிங்’ சொல்ல வேண்டியதில்லை. காலையில் சொல்லியாகிவிட்டது, அரை மணி நேரத்தில் மாடிப்படியில் மறுபடியும் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு புன்னகை போதும். நன்றாகப் பழகியவர் என்றால் ‘ஹாய் அகெய்ன்’ என்று சொல்லலாம்.

தொலைபேசியிலும் வீடியோ கூட்டத்திலும் வெளிநாட்டவரோடு பேசுபவர்கள் கேட்பவருடைய கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சென்னையில் இரவு 8 மணி என்றால் லண்டனில் கோடைக்காலத்தில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 2.30. அவருக்குச் சொல்ல வேண்டியது ‘குட் ஆஃப்டர்நூன்’. அதே நேரம் நியூயார்க்கில் காலை 10.30 அல்லது 9.30. அவருக்கு ‘குட் மார்னிங்’. கணக்குப் போட நேரமில்லை என்றால் ‘ஹலோ’ என்று தொடங்குங்கள். அதற்கு நேரம் காலம் கிடையாது.

ஹலோ, ஹாய், ஹே

‘ஹலோ’ யாருக்கும் பொருந்தும். மேலதிகாரி, கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், முன்பின் தெரியாதவர் என எல்லோரிடமும் சொல்லலாம். ‘ஹாய்’ சற்றே நெருக்கமானது. இன்று பெரும்பாலான அலுவலகங்களில் சக ஊழியர்களுக்குள் இதுதான் புழங்குகிறது. ‘ஹே’ நண்பர்களுக்கு மட்டும். நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் ‘ஹே’ என்று தொடங்க வேண்டாம். அங்கே ‘குட் மார்னிங்’ அல்லது ‘ஹலோ’ என்பதே பாதுகாப்பு.

வழி கேட்பதற்காகத் தெருவில் ஒருவரை நிறுத்தும்போது ‘ஹலோ’ என்று கூப்பிட்டால் சற்று முரட்டுத்தனமாக ஒலிக்கும். அங்கே ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்று தொடங்குங்கள். நாம் ‘கொஞ்சம் நில்லுங்க சார்’ என்று சொல்லும் இடம் அது.

‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால்

முழுமையான பதிலில் மூன்று துண்டுகள் உண்டு: நிலைமை, நன்றி, திருப்பிக் கேட்பது.

‘ஹவ் ஆர் யூ?’
‘ஐம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?’
‘ஐம் குட், தேங்க்ஸ்.’

மூன்றாவது துண்டை விட்டுவிடுவதுதான் நம்மில் பலர் செய்வது. ‘ஃபைன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்டவர்மேல் நமக்கு அக்கறை இல்லை என்பது போலாகிவிடும். ‘நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று தமிழில் கேட்காமல் விடுவோமா? இங்கும் அப்படித்தான்.

கேட்பவரும் பதில் சொல்பவரும் அழுத்தும் இடம் மாறுவதைக் கவனியுங்கள். முதலில் கேட்பவர் ‘ஹவ் ஆர் யூ?’ என்று ஆரை அழுத்துவார். திருப்பிக் கேட்பவர் ‘ஹவ் ஆர் யூ?’ என்று யூவை அழுத்துவார். ‘நீங்க?’ என்று கேட்கும் பொருள் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது.

எப்போதும் ‘ஃபைன்’ என்றே சொல்ல வேண்டும் என்பதில்லை. ‘குட், தேங்க்ஸ்’ என்றால் நன்றாக இருக்கிறேன். ‘ப்ரெட்டி குட்’ என்பதும் அதே. ‘நாட் பேட்’ என்பது காதுக்குக் குறைபோலக் கேட்டாலும், ஆங்கிலேயர் வாயில் அது நல்ல நிலைமையையே குறிக்கும். உடம்பு சரியில்லை, மனம் சரியில்லை என்றால் ‘நாட் ஸோ குட்’. இதை நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்வது வழக்கம். ஒருவர் உங்களிடம் ‘நாட் ஸோ குட்’ என்று சொன்னால் பதில் ‘ஓ, ஐம் ஸாரி டு ஹியர் தட்’. அங்கே ‘ஸாரி’ என்பது மன்னிப்பு அல்ல, வருத்தம்.

இந்தக் கேள்விக்கு விரிவான பதிலை எதிர்பார்ப்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் கடையில் காசு வாங்குபவர்கூட ‘ஹவ் ஆர் யூ?’ என்பார். அவரிடம் மூட்டு வலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ‘குட், தேங்க்ஸ். ஹவ் ஆர் யூ?’ என்று சொல்லிவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு இதே கேள்வி வேறு உருவில் வரும். இங்கிலாந்தில் ‘யூ ஆல்ரைட்?’ என்பார்கள். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்துக் கேட்கவில்லை, அது சாதாரண நலம் விசாரிப்பு. பதில்: ‘யெஸ், தேங்க்ஸ். யூ?’ அமெரிக்க நண்பர்கள் ‘வாட்ஸ் அப்?’ என்பார்கள். பதில்: ‘நாட் மச். யூ?’ ஆஸ்திரேலியாவில் ‘ஹவ் யூ கோயிங்?’ என்பார்கள். எதில் போகிறீர்கள் என்று கேட்கவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் பொருள். ‘குட், தேங்க்ஸ்’ என்றால் போதும்.

‘சாப்ட்டீங்களா?’ என்பது நமக்கு நலம் விசாரிப்பு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆங்கிலத்தில்கூட ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்று கேட்கிறார்கள், யாரும் வியப்படைவதில்லை. லண்டனிலோ நியூயார்க்கிலோ கேட்டால், சாப்பிட அழைக்கிறீர்கள் என்று நினைக்க வாய்ப்புண்டு. அங்கே ‘ஹவ் ஆர் யூ?’ போதும்.

முதல் சந்திப்பு

முன்பின் தெரியாதவரிடம் பெயர் சொல்லும்போது ‘ஐம் மீனா’ அல்லது ‘மை நேம் இஸ் மீனா’ என்று சொல்லுங்கள். ‘மைசெல்ஃப் மீனா’ என்பது நம் ஊரில் பரவலாகக் கேட்கும் வழக்கு. இலக்கணப்படியும் சரியில்லை. பெயர் கேட்கும்போதும் ‘வாட்ஸ் யுவர் குட் நேம்?’ வேண்டாம். ‘ஷுப் நாம்’ என்ற இந்தி மரியாதையிலிருந்து அது இங்கே வந்தது, வெளிநாட்டவருக்குப் புரியாது. ‘மே ஐ நோ யுவர் நேம்?’ என்றாலே மரியாதை வந்துவிடும். பெயர் காதில் சரியாக விழவில்லை என்றால் ‘ஸாரி, ஐ டிடின்ட் கேட்ச் யுவர் நேம்’ என்று தயங்காமல் கேளுங்கள்.

பெயர் சொன்ன பிறகு வரும் ஜோடி இது:

‘நைஸ் டு மீட் யூ.’
‘நைஸ் டு மீட் யூ டூ.’

இது ஒருவரை வாழ்க்கையில் முதல்முறை சந்திக்கும்போது மட்டும். இரண்டாம் முறை பார்த்தால் ‘நைஸ் டு ஸீ யூ அகெய்ன்’. வெகு நாள் கழித்துப் பார்க்கும் நண்பரிடம் ‘லாங் டைம் நோ ஸீ!’ முதல் சந்திப்பு முடிந்து பிரியும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’. பதில்: ‘யூ டூ’. மீட், ஸீ, மீட்டிங் மூன்றுக்கும் இடம் வேறு வேறு.

‘ஹவ் டு யூ டு?’ என்ற சொற்றொடரும் முதல் சந்திப்புக்கு உரியது. இதில் வரும் இரண்டு டுவும் ‘வண்டி’யில் உள்ள மெல்லிய ஒலி. கேள்விபோல இருந்தாலும் இது கேள்வி அல்ல. அதற்குப் பதில் அதே ‘ஹவ் டு யூ டு?’ தான். இன்று இங்கிலாந்திலேயே பழைய பாணியாகிவிட்டது. யாராவது சொன்னால் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

மூன்றாவது ஆளை அறிமுகப்படுத்தும்போது ‘ஹீ இஸ் மை ஃப்ரெண்ட் ரவி’ என்று தொடங்காமல் ‘திஸ் இஸ் மை ஃப்ரெண்ட் ரவி’ என்று தொடங்குங்கள். ஆளை வைத்துக்கொண்டு ‘திஸ்’ என்று சொல்வது அஃறிணைபோல நமக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் அதுதான் மரியாதையான முறை.

ஓர் அலுவலகத்தில் முதல் நாள் உரையாடல் இப்படி இருக்கும்:

மீனா: ‘குட் மார்னிங். ஐம் மீனா. ஐம் நியூ ஹியர்.’
ரவி: ‘குட் மார்னிங், மீனா. ஐம் ரவி. வெல்கம்! நைஸ் டு மீட் யூ.’
மீனா: ‘தேங்க் யூ. நைஸ் டு மீட் யூ டூ.’
ரவி: ‘திஸ் இஸ் ஷீலா. ஷீ ஒர்க்ஸ் வித் மீ.’
மீனா: ‘ஹலோ, ஷீலா.’
ஷீலா: ‘ஹாய், மீனா. வெல்கம்!’

‘வெல்கம்’ என்றால் வாருங்கள். ‘யூ ஆர் வெல்கம்’ என்றால் பரவாயில்லை, நன்றி எதற்கு என்று பொருள். ‘தேங்க் யூ’ என்பவருக்கு வெறுமனே ‘வெல்கம்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முழுவதுமாக ‘யூ ஆர் வெல்கம்’ என்றே சொல்லிப் பழகுங்கள்.

பெயரும் மரியாதையும்

நாம் ‘ஜான் சார்’ என்போம். ஆங்கிலத்தில் பெயரோடு சாரையும் மேடத்தையும் ஒட்டுவதில்லை. ‘மிஸ்டர்’ என்ற சொல் குடும்பப் பெயருக்கு முன்னால்தான் வரும். ஜான் ஸ்மித் என்பவரை ‘மிஸ்டர் ஸ்மித்’ என்று அழைக்கலாம், நெருக்கம் வந்த பிறகு ‘ஜான்’ என்று அழைக்கலாம். ‘மிஸ்டர் ஜான்’ சரியல்ல. மேலைநாட்டு அலுவலகங்கள் பலவற்றில் மேலதிகாரியே ‘கால் மீ ஜான்’ என்று சொல்லிவிடுவார். சொன்ன பிறகு பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவல்ல.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. ஆர். குமார் கடவுச்சீட்டு எடுக்கும்போது தந்தையின் பெயரான ராமசாமி குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏறிவிடும். அதைப் பார்த்து விடுதி வரவேற்பாளர் ‘குட் ஈவ்னிங், மிஸ்டர் ராமசாமி’ என்பார். அப்பாவை எதற்குக் கூப்பிடுகிறார் என்று திகைக்க வேண்டாம். ‘ப்ளீஸ் கால் மீ குமார்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் முடிந்தது.

பெண்களை அழைக்கும்போது மணமானவரா என்று ஆராயத் தேவையில்லாத சொல் ‘மிஸ்’. அதன் முடிவில் வரும் ஸ் வண்டு முரல்வதுபோல அதிர வேண்டும். அதிராமல் சொன்னால் மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சொல்லாகிவிடும். ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ இரண்டும் நம் ஊரில் எல்லோருக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் டாக்ஸி ஓட்டுநரைக்கூட ‘அங்கிள்’ என்று அழைப்பார்கள். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உறவினர் அல்லாதவரை அப்படி அழைத்தால் விழிப்பார்கள்.

கை குலுக்குவதென்றால் வலது கை, ஓரிரு நொடி, சற்று இறுக்கமாக. அப்போது தரையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது பணிவு. மேலைநாட்டவருக்கு அது தயக்கமாகப் படும். கை குலுக்க விருப்பமில்லை என்றால் கைகூப்பி ‘ஹலோ’ சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

விடைபெறுவது: மூன்று படிகள்

தமிழில் யாரும் பேச்சின் நடுவே எழுந்து ‘வர்றேன்’ என்று நடந்துவிடுவதில்லை. முதலில் ‘சரி, அப்ப நான் கிளம்பட்டுமா?’ என்போம். பிறகு ‘காபி நல்லா இருந்துச்சு, வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க’ என்போம். கடைசியில்தான் ‘வர்றேன்’. ஆங்கிலத்திலும் இதே மூன்று படிகள் உண்டு.

முதல் படி, கிளம்பப் போவதைச் சொல்வது. ‘வெல், ஐ ஷுட் கெட் கோயிங்’, ‘ஐ ஹேவ் டு கோ நௌ’, ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ இவற்றில் ஏதாவது ஒன்று. தொடக்கத்தில் வரும் ‘வெல்’ ஒரு சின்னச் சொல்தான், ஆனால் பேச்சு முடியப் போகிறது என்பதைக் கேட்பவர் அதிலேயே புரிந்துகொள்வார்.

இரண்டாம் படி, நன்றியும் வாழ்த்தும். ‘இட் வாஸ் நைஸ் டாக்கிங் டு யூ’ என்றால் உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி. ‘தேங்க்ஸ் ஃபார் தி காஃபி’, ‘டேக் கேர்’, ‘ஹேவ் எ நைஸ் டே’, வெள்ளிக்கிழமை என்றால் ‘ஹேவ் எ குட் வீக்கெண்ட்’ ஆகியவையும் இங்கே வரும்.

மூன்றாம் படி, கடைசிச் சொல். ‘பை’, ‘ஸீ யூ’, ‘ஸீ யூ டுமாரோ’, ‘ஸீ யூ ஆன் மண்டே’.

பதில் ஜோடிகளையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்:

‘ஹேவ் எ நைஸ் டே’ என்றால் ‘தேங்க்ஸ், யூ டூ’.
‘டேக் கேர்’ என்றால் ‘யூ டூ’.
‘ஸீ யூ டுமாரோ’ என்றால் ‘ஸீ யூ’.
‘ஸே ஹாய் டு யுவர் மதர்’ என்றால் ‘ஐ வில்’.
‘ஹேவ் எ ஸேஃப் ட்ரிப்’ என்றால் ‘தேங்க் யூ’.
‘குட் நைட்’ என்றால் ‘குட் நைட்’.

ஐந்தாவதில் ‘யூ டூ’ வராததைக் கவனியுங்கள். பயணம் போவது நீங்கள், வழியனுப்புகிறவர் வீட்டுக்குத் திரும்புகிறார். அவருக்கும் நல்ல பயணம் வாழ்த்தினால் பொருந்தாது. உணவகப் பணியாளர் ‘என்ஜாய் யுவர் மீல்’ என்று சொல்லும்போதும் ‘தேங்க் யூ’ மட்டும் போதும். அவர் சாப்பிடப் போவதில்லை. ‘யூ டூ’ சொல்லும் முன், அந்த வாழ்த்து அவருக்கும் பொருந்துமா என்று ஒரு கணம் யோசியுங்கள்.

‘ஸீ யூ லேட்டர்’ என்று ஒருவர் சொன்னால் இன்று மாலை வருவார் என்று காத்திருக்க வேண்டாம். அது வெறும் ‘அப்புறம் பார்க்கலாம்’. அதில் வாக்குறுதி எதுவும் இல்லை.

‘குட்பை’ அன்றாடப் பேச்சில் சற்று கனமான சொல். நாளைக்குப் பார்க்கப் போகிறவரிடம் ‘பை’ போதும். ‘ஃபேர்வெல்’ மேடைக்கும் பிரிவுபசார விழாவுக்கும் உரியது, வாசலில் நின்று யாரும் சொல்வதில்லை. ‘டாட்டா’ ஆங்கிலேயர் குழந்தைகளோடு பேசும் மொழியிலிருந்து வந்தது. மழலையிடம் சொல்ல அழகு, மேலாளரிடம் வேண்டாம். இங்கிலாந்தில் ‘சியர்ஸ்’ என்ற சொல்லை நன்றி சொல்லவும் விடைபெறவும் பயன்படுத்துவார்கள். அங்கே பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு ‘தேங்க் யூ’ சொல்வதும் பரவலான வழக்கம்.

‘போய்ட்டு வர்றேன்’ என்பதை எப்படிச் சொல்வது?

‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘வர்றேன்’ என்று சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் ஆங்கிலத்திலும் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று வாயில் வந்துவிடுகிறது. கேட்பவர் அதை நேர்பொருளில் எடுத்துக்கொள்வார். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். உண்மையிலேயே திரும்பி வருவதாக இருந்தால் ‘ஐ வில் பி ரைட் பேக்’ என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ‘ஸீ யூ’ போதும். அதிலேயே மறுபடியும் பார்ப்போம் என்ற நல்ல சொல் இருக்கிறது, மங்கலக் குறைவு எதுவும் இல்லை.

ஊருக்குப் போகிறவரிடம் ‘ஹேப்பி ஜர்னி’ என்பது நம் நாட்டு ஆங்கிலம். இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவரிடம் ‘ஹேவ் எ ஸேஃப் ட்ரிப்’ என்று சொல்லிப் பழகுங்கள்.

தொலைபேசியில்

தொலைபேசியை எடுத்ததும் ‘ஹலோ’ என்பது இன்று பல நாடுகளின் வழக்கம். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லுக்கு அது பிடிக்கவில்லை. கப்பற்காரர்கள் கூவும் ‘அஹாய்’ என்ற சொல்லைத்தான் அவர் விரும்பினார். 1877இல் ‘ஹலோ’வைப் பரிந்துரைத்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். அவர் சொன்னதே நிலைத்தது. 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத் தொலைபேசிக் கையேடு, பேச்சை முடிக்கும்போது ‘தட் இஸ் ஆல்’ என்று சொல்லும்படி கூறியது. அந்த வறட்டு முடிவை யாரும் ஏற்கவில்லை. ‘பை’ தான் வென்றது.

நீங்கள் அழைக்கும்போது ‘ஹலோ, திஸ் இஸ் மீனா’ என்று தொடங்குங்கள். பிறகு ‘மே ஐ ஸ்பீக் டு ரவி, ப்ளீஸ்?’ எதிர்முனையில் இருப்பவரே ரவி என்றால் ‘ஸ்பீக்கிங்’ என்பார், ‘நான்தான் பேசறேன்’ என்று பொருள். யார் அழைப்பது என்று தெரியாவிட்டால் ‘ஹூ ஆர் யூ?’ என்று கேட்கக் கூடாது. அது ‘யாருடா நீ?’ என்பதுபோல விழும். ‘மே ஐ நோ ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள்.

முடிக்கும்போது ‘வச்சிடறேன்’ என்பதை ‘ஐம் கீப்பிங் தி ஃபோன்’ என்று சொல்பவர்கள் உண்டு. அது புரியாது. ‘தேங்க்ஸ் ஃபார் காலிங். டாக் டு யூ லேட்டர். பை!’ என்று முடியுங்கள்.

கடிதத்திலும் மின்னஞ்சலிலும்

எழுத்திலும் ஜோடிகள் உண்டு. பிரிட்டிஷ் முறைப்படி, பெயர் தெரியாதவருக்கு ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிக்க வேண்டும். ‘டியர் மிஸ்டர் ஸ்மித்’ என்று பெயரோடு தொடங்கினால் ‘யுவர்ஸ் ஸின்சியர்லி’. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. மின்னஞ்சலுக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ‘ஹலோ ரவி’ என்று தொடங்கி ‘பெஸ்ட் ரிகார்ட்ஸ்’ அல்லது ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ என்று முடிக்கலாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ நம் அரசு அலுவலகங்களில் செல்லும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு ‘டியர்’ போதும்.

பயிற்சி

கீழே உள்ள சூழல்களில் என்ன சொல்வீர்கள்? முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு விடையைப் பாருங்கள்.

1. இரவு 9 மணி. விடுதி வரவேற்பறைக்குள் நுழைகிறீர்கள்.
2. சக ஊழியர் ‘ஹவ் ஆர் யூ?’ என்கிறார்.
3. சென்ற மாதம் ஒருமுறை சந்தித்தவரை மறுபடியும் பார்க்கிறீர்கள்.
4. கடைக்காரர் ‘ஹேவ் எ நைஸ் டே’ என்கிறார்.
5. ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்த நண்பர் ‘ஹேவ் எ ஸேஃப் ட்ரிப்’ என்கிறார்.
6. பேசிக்கொண்டிருக்கும்போது நேரமாகிவிட்டது, கிளம்ப வேண்டும்.
7. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. யாரென்று கேட்க வேண்டும்.
8. பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வரப்போகிறீர்கள்.

விடைகள்:

1. ‘குட் ஈவ்னிங்.’
2. ‘ஐம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?’
3. ‘நைஸ் டு ஸீ யூ அகெய்ன்.’
4. ‘தேங்க்ஸ், யூ டூ.’
5. ‘தேங்க் யூ.’
6. ‘வெல், ஐ ஷுட் கெட் கோயிங். இட் வாஸ் நைஸ் டாக்கிங் டு யூ. பை!’
7. ‘மே ஐ நோ ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?’
8. ‘ஐ வில் பி பேக் இன் டென் மினிட்ஸ்.’

எட்டில் ஆறு சரியாக வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். குறைந்தால், தவறிய ஜோடிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மறுபடியும் படியுங்கள். வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவர் முதல் வரியைச் சொல்ல நீங்கள் பதில் சொல்லுங்கள். பிறகு இடம் மாறுங்கள். துணை கிடைக்காவிட்டால் இரண்டு குரலையும் நீங்களே பேசுங்கள். மனத்துக்குள் படித்தால் நாக்கு பழகாது, சத்தமாகச் சொல்ல வேண்டும்.

நாளைக் காலையிலிருந்தே தொடங்குங்கள். அலுவலக வாசலிலோ கல்லூரியிலோ ஆங்கிலம் பேசும் ஒருவரைப் பார்த்தால், அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே முதலில் ‘குட் மார்னிங், ஹவ் ஆர் யூ?’ என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்வார் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.